தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வராது: கோலாலம்பூர் தாமான் வீடுகளுக்கு ஒரு வெள்ளக் கையேடு

முதல் முறை எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நானும் தம்பியும் வாசல் கேட்டில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். நனைந்து, மூச்சு வாங்கி, பத்து மூட்டை அடுக்கி முடித்து நிமிர்ந்தால் உள்ளேயிருந்து அம்மா கத்துகிறார்: "டேய், தண்ணி பாத்ரூம்லேருந்து வருதுடா, வாசல்ல என்ன பண்றீங்க?" ஓடிப்போய்ப் பார்த்தால் குளியலறைத் தரைக் குழியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. ரோட்டில் கணுக்கால் அளவுதான் இருந்தது, வீட்டுக்குள் அதற்குள் ஒரு சாண்.

அன்றைக்குப் புரிந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்பது தெரியாமல் மற்ற எந்த ஏற்பாடு செய்தாலும் பாதி வீண். ஒரே தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) முன் வரிசை வீட்டுக்கு ஒரு வழி, கடைசி வரிசை வீட்டுக்கு வேறு வழி.

வெயில் காலத்தில் செய்யும் வேலை

மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமானை ஒரு சுற்று நடந்து பாருங்கள். லோங்காங் (தெருச் சாக்கடைக் கால்வாய்) எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பெரிய வாய்க்காலில் சேருகிறது, அது எந்த ஆற்றில் விழுகிறது. கோலாலம்பூரில் பெரும்பாலும் அது கோம்பாக், பத்து, கிள்ளான், கெராயோங், பூனுஸ் இப்படி ஏதோ ஒரு ஆறாக இருக்கும். செகாம்புட் பக்கம் என்றால் கெரோ. அப்புறம் பின் சந்துக்குப் போங்கள். வரிசை வீடுகளில் முன்பக்கத்தை எல்லாரும் அழகாக வைத்திருப்பார்கள், பின் சந்து லோங்காங்கில்தான் சமையலறை எண்ணெய் கட்டிக் கல்லாகிப்போய்க் கிடக்கும். சிலர் சமையலறையை நீட்டிக் கட்டி லோங்காங்கின் மேலேயே சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், அடியில் என்ன அடைத்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. (எங்கள் வரிசையில் அப்படி இரண்டு வீடு. சொன்னால் சண்டை வரும், சொல்லாவிட்டால் தண்ணீர் வரும். நாங்கள் சண்டையைத் தேர்ந்தெடுத்தோம்.)

அந்தத் தாமானில் முப்பது வருடமாக இருப்பவர் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். எங்களுக்கு அது எதிர்வீட்டுப் பாட்டி. "உங்க வீட்டுல இந்த ஜன்னல் கட்டை வரைக்கும் வந்துச்சுய்யா" என்று கையை வைத்துக் காட்டினார். அந்த உயரத்தை டேப் வைத்து அளந்து, அதற்குக் கீழே வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிளக் பாயின்ட் எல்லாமே கீழே. அரிசிப் பானை, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், வீட்டு கெரான் (நிலப் பட்டா) இருந்த அலமாரியின் கடைசித் தட்டு, எல்லாம் கீழே.

தண்ணீர் வரும் வழிகளை நான் மூன்றாகப் பார்க்கிறேன். ஆறு கரை புரண்டு வருவது ஒன்று. இது மேலே எங்கோ பெய்த மழையால் வரும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தால்கூட வரும், வந்தால் வேகமாக வரும். லோங்காங் கொள்ளாமல் ரோட்டில் நிரம்புவது இன்னொன்று. கோலாலம்பூரில் அடிக்கடி நடப்பது இதுதான்: மதியம் மூன்று நான்கு மணிக்கு இடியோடு பிடிக்கும் மழை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழங்கால், இரவுக்குள் வடிந்து சேறு மட்டும் மிஞ்சும். 2022 மார்ச் 7 மாலையில் நகரின் பல பகுதிகளை முடக்கிப்போட்டதும் இந்த வகைதான். மூன்றாவது, நான் சொன்ன குளியலறை வழி. வெளியே வாய்க்கால் நிரம்பியதும் அழுத்தம் குழாய் வழியாகத் திரும்பி, வீட்டில் எது ரொம்பத் தாழ்வாக இருக்கிறதோ அந்தத் துளையில் வெளியே வரும்.

இதில் இன்னொரு சிக்கல் ஆற்றங்கரைத் தாழ்நிலத் தாமான்களுக்கு. அங்கே ஆற்றுக்குக் கரை கட்டி, மதகு வைத்து, பம்ப் வைத்திருப்பார்கள். ஆறு ஏறினால் மதகை மூடிவிடுவார்கள், அது சரிதான், ஆனால் அதன் பிறகு தாமானுக்குள் பெய்கிற மழை பம்ப் இறைத்தால்தான் வெளியே போகும். பம்பின் அளவுக்கு மேல் பெய்தாலோ, கரையைத் தாண்டி ஆறு உள்ளே வந்தாலோ, அது கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர். 2021 டிசம்பர் 18, 19 தேதிகளில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்கு இந்த நில அமைப்பு ஒரு பெரிய காரணம். அன்றைய மழையும் வழக்கமான மாலை இடிமழை இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று மேற்குக் கரைக்கு வந்து விடாமல் கொட்டியது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்தது என்றார்கள். நம் ஆள்கள் நிறைய இருக்கிற இடம் அது. "வழக்கம்போல ராத்திரிக்குள்ள வடிஞ்சுடும்" என்று மாடியில் காத்திருந்தவர்கள் கூரை மேல் ஏறிப் படகுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, கடல் ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் என் அக்கா மழை எச்சரிக்கை வந்தால் முதலில் ஓத அட்டவணையைத்தான் பார்ப்பாள். சுங்கை பினாங்கு கடலில் விழுகிற நேரத்தில் ஓதம் ஏறியிருந்தால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, ஜாலான் பி. ரம்லி பக்கமெல்லாம் அப்படித்தான் நிரம்பும். 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய புயல்மழையில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள், மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி இரவில் படகோ லாரியோ உங்கள் தெருவுக்கு உடனே வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது

வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் இரண்டு வகை எச்சரிக்கை வரும், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இடிமழை எச்சரிக்கை குறுகிய நேரத்துக்கு, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வருவது தொடர்மழைக்கு. இடிமழை எச்சரிக்கை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏறக்குறைய தினமும் வந்து சலித்துப்போகும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று ஊரில் சொல்வது இங்கேயும் ஓரளவு பொருந்துகிறது, தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிற வாரத்தில்தான் எங்கள் லோங்காங் முதலில் நிரம்பும். ஆனால் மேற்குக் கரைக்கு ஆரஞ்சோ சிவப்போ வந்தால் அது வேறு கதை, அன்றைக்குக் காரை எடுத்து மேட்டில் வைத்துவிட்டு வேலைக்கு விடுப்பு கேளுங்கள்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கம். ஒவ்வொரு ஆற்று நிலையத்திலும் தண்ணீர் மட்டம் எவ்வளவு, அது நார்மலா, வாஸ்படாவா (கவனம்), அமாரானா (எச்சரிக்கை), பஹாயாவா (ஆபத்து) என்று போட்டிருக்கும். உங்கள் தாமானுக்குப் பக்கத்து நிலையத்தைப் பார்ப்பதைவிட அதற்கு மேலே, ஆறு வருகிற பக்கத்தில் இருக்கும் நிலையத்தைப் பாருங்கள். மேலே வாஸ்படா தாண்டி வேகமாக ஏறுகிறது என்றால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, பக்கத்து நிலையமே பஹாயா காட்டினால் அந்த நேரம் போய்விட்டது. இரண்டு மூன்று மழைக்கு இதைக் கவனித்து, மேலே இத்தனை மீட்டர் ஏறினால் நம் லோங்காங்கில் எப்போது தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் உங்களுக்கே ஒரு கணக்கு பிடிபடும்.

ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே என்பார்கள். 2007-இல் திறந்த, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அது அம்பாங் பக்கம் கிள்ளான் ஆற்று வெள்ளத்தை வாங்கித் தாமான் டேசா பக்கம் கொண்டுபோய் விட்டு நகர மையத்தைக் காப்பாற்றுகிறது. நல்ல வேலைதான். உங்கள் பின் சந்து லோங்காங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வாட்ஸ்அப்பில் "அணை உடைஞ்சிருச்சாம்" என்று ஒரு குரல் பதிவு ஒவ்வொரு மழைக்கும் வரும். அதை அனுப்புகிற மாமாவை எனக்கும் தெரியும், உங்களுக்கும் ஒருவர் இருப்பார். தாமான் குழுவில் ஒரு விதி போட்டோம்: மழை நேரத்தில் தன் வீட்டு வாசலில் எடுத்த படம், அதில் நேரம், இது மட்டும்தான் போடலாம்.

தடுப்பது, எவ்வளவு தூரம் தடுப்பது

குளியலறைக் குழிக்கு மலிவான வழி: தடித்த பிளாஸ்டிக் பையில் ஈர மணலைக் கட்டி குழி மேல் அழுத்தி வைத்து அதன் மேல் தண்ணீர் நிரப்பிய வாளி. கழிவறைக் கோப்பைக்குள்ளும் அப்படி ஒரு பை. திருகினால் ரப்பர் விரிந்து இறுக்கிக்கொள்ளும் அடைப்பான் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், குழியின் விட்டத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு வெளியே போகும் குழாயில் ஒருவழி வால்வு போடச் சொல்லுங்கள், வெளியே போகும், திரும்பி வராது. அதிலும் முடி, சோறு சிக்கினால் மூடாமல் நிற்கும், எனவே அவ்வப்போது திறந்து கழுவ வேண்டும். இதை எனக்குச் சொன்ன பிளம்பர் அண்ணன் அதையும் சேர்த்தே சொன்னார், நான்தான் கேட்கவில்லை, இரண்டாவது வெள்ளம் அப்படி வந்தது.

மணல் மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்பினால்தான் தட்டையாகப் படுத்து இடைவெளியை அடைக்கும், முழுக்க நிரம்பியது உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். முதலில் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வைத்து மிதித்து, விரிப்பின் மறுநுனியைத் தண்ணீர் வரும் பக்கம் மேலே இழுத்து மடித்துவிடுங்கள். கதவுக்கு ரப்பர் விளிம்போடு அலுமினியப் பலகை செய்து தருகிற கடைகள் இருக்கின்றன, வாங்குவதாக இருந்தால் பின் கதவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

முழங்காலுக்கு மேல் ஏறினால் தடுப்பதை விட்டுவிடுங்கள். வெளியே உயரமாகவும் உள்ளே காலியாகவும் இருந்தால் அந்தப் பாரம் முழுக்க சுவர் மேல்தான், பழைய தாமான் செங்கல் சுவர் அதற்குக் கட்டியதில்லை. உள்ளே வரட்டும், நீங்கள் மேலே போங்கள்.

கடைசி அரைமணி

எங்கள் வீட்டில் வரிசை இப்படி. முதலில் கார், ஏனென்றால் தெரு நிரம்பினால் அதை அசைக்க முடியாது. ஒரு அடித் தண்ணீரில் சின்னக் கார் மிதக்க ஆரம்பித்துவிடும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும், எனவே லோங்காங் விளிம்பு தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் நல்லது, அடித்தளம் வேண்டவே வேண்டாம். மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள், ஆம்புலன்சும் பொம்பாவும் (தீயணைப்புப் படை) அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

அடுத்து மின்சாரம். தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்குங்கள். காலடியில் தண்ணீர் வந்துவிட்டால் சுவிட்ச் பெட்டியைத் தொடாதீர்கள், வெளியே வந்து மின்சாரம் தரும் தெனாகா நேஷனலின் 15454-க்கு அழைத்துச் சொல்லுங்கள். பிறகு கேஸ்: ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, தோம்பை (சிலிண்டரை) மாடிப்படிக் கம்பியில் கயிற்றால் கட்டுங்கள், பாதி காலியான தோம்பு மிதந்து வீடெல்லாம் முட்டிக்கொண்டு திரியும். குளிர்சாதனப் பெட்டியும் மிதக்கும், இதை நான் நம்பவில்லை, கண்ணால் பார்க்கிற வரைக்கும். எங்களுடையது மிதந்து, சாய்ந்து, சமையலறைக் கதவுக்குக் குறுக்கே விழுந்து கதவை அடைத்துவிட்டது. அதனால் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள்.

ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், கெரான், இன்சூரன்ஸ் தாள், தாத்தா பாட்டியின் மருந்து, இன்சுலின், பவர் பேங்க், நகை, இரண்டு செட் துணி, இவை எப்போதும் ஒரே நீர்புகாப் பையில் மாடியில் இருக்க வேண்டும், மழை வந்த பிறகு தேடக்கூடாது. சாமி படங்களை அம்மா கடைசியில்தான் நினைத்துக்கொள்வார், பிறகு அதற்காகத் தண்ணீரில் திரும்பிப் போவார், ஆகவே நான் அதை முதலிலேயே மேலே ஏற்றிவிடுகிறேன். குடிநீரை வாளிகளில் பிடித்து மேலே வையுங்கள்.

வயதானவர், கைக்குழந்தை, நடக்க முடியாதவர் இருக்கிற வீடு என்றால் நான் சொன்ன எதையும் செய்துகொண்டிருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவர்களைக்கூட இடறிவிடும், இருட்டில் மூடி இல்லாத லோங்காங் எங்கே என்று தெரியாது. நடந்துதான் ஆக வேண்டும் என்றால் நீளக் குச்சியால் முன்னால் குத்திப் பார்த்து, ரோட்டின் நடுவில் நடங்கள். மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் எந்த மாடி வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் வரிசையில் மூன்று குடும்பம் ஒரு சீன அங்கிள் வீட்டு மாடிக்குப் போகும், அவர் தயாராகக் கெட்டிலும் மெகியும் வைத்திருப்பார்.

உயிருக்கு ஆபத்து என்றால் 999. சொல்லும்போது வீட்டு எண், ஜாலான் (தெரு) எண், எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார் என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். துயர் துடைப்பு மையம் திறந்தால் அங்கே போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் உங்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் பதியச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் குடும்பத் தலைவருக்குக் கொடுக்கும் அரசின் 1,000 ரிங்கிட் இஹ்சான் உதவித்தொகைக்கு அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், கோயில்களும் குருத்வாராக்களும் முந்திக்கொள்ளும், 2021-இல் பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் ஆயிரக்கணக்கில் பொட்டலம் கட்டினார்கள்.

வடிந்த பிறகு

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் கைப்பேசியை எடுங்கள். ஒவ்வொரு அறையையும், சுவரில் சேற்றுக் கோட்டையும், பொருள்களின் மாடல் எண் தெரிகிற மாதிரியும் படம் எடுங்கள். காரைத் தண்ணீர் தொட்டிருந்தால் சாவியைத் திருகவே திருகாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் இன்ஜின் போய்விடும், இழுவை லாரிதான். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ரோட் டாக்ஸ் புதுப்பிக்கும்போது நூறு இருநூறு ரிங்கிட் மிச்சம் என்று விட்டுவிடுகிறோம். வீட்டுக்கும் அப்படித்தான், அடிப்படைத் தீக் காப்புறுதி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குக் கிடைக்காது. கட்டடத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒன்று என்று தனித்தனி பாலிசி உண்டு, உங்களிடம் எது இருக்கிறது என்று இன்றைக்கே தாளை எடுத்துப் பாருங்கள். தொலைந்த ஐசி, பிறப்புப் பத்திரத்துக்கு வெள்ளம் என்று போலீஸ் புகாரோடு போனால் பதிவிலாகா கட்டணம் இல்லாமல் மாற்றித் தரும்.

சேறு காய்வதற்குள் தள்ளிவிடுங்கள், காய்ந்தால் சிமென்ட். பூட்ஸும் கையுறையும் கட்டாயம், கால் விரல் இடுக்கில் சின்னப் புண் இருந்தாலே போதும், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் பிடிக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையாக "வெள்ளத்தில் நடந்தேன்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடும். குளோராக்ஸ் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து துடையுங்கள், வினிகரையோ வேறு கழுவும் திரவத்தையோ அதோடு சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். தண்ணீர் தொட்ட அரிசி, மாவு, மசாலா எல்லாம் குப்பைக்குத்தான், மனசு கேட்காது, தூக்கிப் போடுங்கள். அலமாரிக்குப் பின்னால் பாம்பு இருந்தால் வீரம் வேண்டாம், பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள். மின்காரர் பார்த்துச் சரி சொல்லும்வரை மெயினை ஏற்றாதீர்கள். அதற்கடுத்த வாரம் தூக்கிப்போட்ட தொட்டி, டயர், பூச்சட்டிகளில் ஏடிஸ் கொசு முட்டையிடத் தொடங்கும், கவிழ்த்துவிடுங்கள்.

சமையலறையைத் திரும்பக் கட்டுவதாக இருந்தால் அமுக்கிய மரத்தூள் கேபினட் வேண்டாம், ஒரு முறை நனைந்தாலே ஊதிப் பிளந்துவிடும். அலுமினிய கேபினட் போடுங்கள், பார்க்க அவ்வளவு அழகில்லை, ஹோஸ் பிடித்து அடித்துக் கழுவலாம். பிளக் பாயின்ட்களை இடுப்புக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள், சுவரை எப்படியும் உடைக்கத்தானே போகிறார்கள்.

பெயின்ட் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கையகல இடத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறோம், அங்கே மூன்று சேற்றுக் கோடும் பென்சிலில் தேதியும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் டேப்போடு வந்து அதை அளந்துகொண்டு போனார்.